பிரஷர் மாத்திரை போட்டதும் ஸ்கோர் ஏறுது, இது சரியா? (கூடவே பிஸ்டல், கார் புலம்பல்)

வேளச்சேரி_பத்து:

வணக்கம். வயசு 48. ஆபீஸ் அண்ணா சாலையில. ஞாயித்துக்கிழமை காலையில எழும்பூர்ப் பக்கம் போய் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுவேன். பதக்கம் வாங்குற ஆள் இல்ல. அறுபது குண்டுக்கு, அதாவது 600க்கு, 528, 530 வரும். 535 வந்தா அன்னைக்கு எனக்குத் தீபாவளி.

மூணு மாசம் முன்னாடி ஆபீஸ் செக்கப்புல பிரஷர் 160க்கு 100. நெஞ்சு படபடப்பு வேற. டாக்டர் மெட்டோப்ரோலால் எழுதிக் குடுத்தார். போட ஆரம்பிச்ச மூணாவது வாரம் 541. அடுத்த வாரம் 547! முன்னெல்லாம் கையை நீட்டிப் பிடிச்சா, நாடி துடிக்கத் துடிக்க முன் சைட் (குழல் நுனியில குறி பார்க்கிற முனை) ஒரு குட்டிக் குதி குதிக்கும். இப்ப கரண்ட் போன ஃபேன் மாதிரி அப்படியே நிக்குது. சரி, ரெண்டு வருஷ உழைப்பு பலிச்சிடுச்சுன்னு நெனச்சேன்.

அந்த சந்தோஷத்துல பண்ண வேலைதான் கொடுமை. கார் மாத்த ஒதுக்கி வெச்ச பணத்துல செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் பிஸ்டல் ஒண்ணு வாங்கிட்டேன். கார் 2011 மாடல், ஏசி செத்து ஒரு வருஷமாச்சு. வீட்டம்மா ஜன்னலை இறக்கி விட்டுட்டு "உங்க துப்பாக்கியில காத்து வருதாமே, இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க"ன்னு சொல்றாங்க.

போன வாரம் கிளப்புல ஒரு காலேஜ் பையன் என் பையில மாத்திரை அட்டையைப் பார்த்துட்டு, "அங்கிள், இது டோப்பிங்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டான். எனக்குத்தான் அன்னைக்கு டீ இறங்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாத்திரை_மாமா:

அண்ணே, பையன் சொன்னது சரிதான். நான் பெரம்பூர்ல மருந்துக் கடை வெச்சிருக்கேன், ஏர் ரைஃபிளும் சுடுறேன். அதனால இது ரெண்டு வகையிலும் என் சப்ஜெக்ட்.

நீங்க போடுறது பீட்டா பிளாக்கர். பதட்டத்துல அட்ரினலின் போய் இதயத்தைத் தட்டி எழுப்புற கதவை இது சாத்தி வெச்சிடும். நாடி இறங்கும், கை நடுக்கம் கொறையும். ஓட்டக்காரனுக்கு இதால பிரயோஜனமே இல்ல, மூச்சு வாங்கும். ஆனா நமக்கு? அசையாம நிக்கிறதுதானே விளையாட்டே. அதனால உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு இதை எல்லா விளையாட்டுக்கும் தடை பண்ணல, குறிப்பிட்ட சிலதுக்கு மட்டும்தான். அதுலயும் பெரும்பாலும் போட்டி சமயத்துல மட்டும். துப்பாக்கி சுடுறவங்களுக்கும் வில்வித்தைக்காரங்களுக்கும் போட்டி இல்லாத நாள்லயும் தடை. கார் ரேஸ்காரங்களுக்குப் போட்டி சமயத்துல தடை. உங்களுக்கு ரெண்டு பக்கமும் இடி.

2008 பெய்ஜிங்ல வட கொரியாவோட கிம் ஜோங் சூ பிஸ்டல்ல ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார். ப்ரோப்ரனலால் கண்டுபிடிச்சு ரெண்டையும் புடுங்கிட்டாங்க. அதுவும் நீங்க போடுற மாத்திரையோட பங்காளிதான்.

இப்ப முக்கியமானது. இதைப் படிச்சதும் மாத்திரையை நிறுத்தாதீங்க. பீட்டா பிளாக்கரைத் திடீர்னு நிறுத்தினா பிரஷரும் நாடியும் முன்னைவிட அதிகமா எகிறும். நெஞ்சு வலி, அட்டாக் வரைக்கும் போகலாம். டாக்டர்கிட்ட "நான் துப்பாக்கி சுடுற விளையாட்டுல இருக்கேன், இது தடைப் பட்டியல்ல இருக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அவருக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல. அம்லோடிபின், டெல்மிசார்டன் மாதிரி தடையில்லாத மாத்திரைகள் இருக்கு. உங்க உடம்புக்கு எது ஒத்துக்கும்னு முடிவு பண்ண வேண்டியது அவர், நான் இல்ல.

அங்கயும் ஒரு குழி இருக்கு. பேருக்குப் பின்னால "ஹெச்"னு ஒட்டிக்கிட்டு வர கூட்டு மாத்திரையில ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும். அது சிறுநீர் பிரிய வைக்கிற மருந்து, எல்லா விளையாட்டுக்கும் தடை. வேற மருந்தை மறைக்கும்னு அந்தப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. கண் அழுத்தத்துக்குப் போடுற டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். வயசானவங்க இதுல நிறைய மாட்டுறாங்க.

பாயிண்ட்_டூ_டூ_ஆசை:

547ஐ ஃப்ரேம் போட்டு மாட்டிடுங்க தலைவரே, திரும்ப வராது 😄

சீரியஸா ஒரு சந்தேகம். எனக்குப் படபடப்பே இல்ல, ஆனா ஃபில்டர் காபி ரெண்டு டம்ளர் உள்ள போனாதான் கண்ணே தெறக்கும். அதுவும் தடையா?

மாத்திரை_மாமா:

காபி தடையில்ல தம்பி. ஆனா ரெண்டாவது டம்ளர் உன் இலக்கு அட்டையோட எட்டாவது வளையத்துல தெரியும்.

பழைய_கட்டை:

வேளச்சேரி நண்பருக்கு. மருந்து விஷயத்தை மாமா சொல்லிவிட்டார். எனக்குக் கவலை அந்த செகண்ட் ஹேண்ட் பிஸ்டலில்தான். வாங்கும்போது காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்தீர்களா?

பழைய கார் வாங்கப் போனால் ஓடோமீட்டர் பார்க்கிறோம், டயர் பார்க்கிறோம், கதவு விளிம்பில் ரப்பரைத் தூக்கிப் பெயிண்ட் பார்க்கிறோம். பிஸ்டல் என்றதும் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். இந்த சிலிண்டர்களில் 200 பார் அழுத்தம் வரை அடைக்கிறோம், கார் டயரைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. தயாரிப்பாளர் இதற்குப் பத்து வருடம்தான் ஆயுள் கொடுக்கிறார். போட்டிக்குப் போனால் உபகரணச் சோதனை மேசையில் தேதியைப் பார்ப்பார்கள். காலாவதியானதை மாற்றுவது சுடுபவரின் பொறுப்பு.

அடுத்தது கைப்பிடி. மரப்பிடி அளவு உங்கள் கைக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. பெரியதாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், சிறியதாக இருந்தால் எம்-சீல் வைத்து நிரப்பலாம். என் பிடியைப் பார்த்தால் வடபழனியில் பல் கட்டினது போல இருக்கும். ஆனால் கை போய் உட்காரும் இடம் கச்சிதம்.

மூன்றாவது, ட்ரிகர். அதை இழுக்கும் எடை ஏர் பிஸ்டலுக்கு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. முன்னால் வைத்திருந்தவர் இளக்கி வைத்திருப்பார், எடைக் கட்டியைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

வேளச்சேரி_பத்து:

பழைய கட்டை சார், இப்பதான் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். 2014ன்னு போட்டிருக்கு. வித்தவர் "ஒரே ஓனர், வீட்டுலயே இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்தது"ன்னு சொன்னார். கார் விக்கிறவங்க சொல்ற அதே வசனம்! எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும்.

பழைய_கட்டை:

இனி அதில் காற்று அடைக்காதீர்கள். உள்ளே மிச்சம் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். புது சிலிண்டர் டீலர் மூலம் வரவழைக்கலாம். விலை கசக்கும். வித்தவரிடம் பாதியாவது கேட்டுப் பாருங்கள்.

ஓஎம்ஆர்_ரைஃபிள்:

வேளச்சேரி அண்ணா, நான் ஏர் ரைஃபிள். சிலிண்டர்னு பேச்சு வந்ததால கார் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா நீங்க ஏசி இல்லாத கார் ஓட்டுறீங்க.

பிராக்டிஸ் முடிஞ்சு அப்படியே ஆபீஸ் போய், துப்பாக்கிப் பெட்டியை (கேஸ்) டிக்கியிலேயே விட்டுட்டு வெயில்ல பார்க் பண்ணாதீங்க. கத்திரி வெயில்ல கண்ணாடி மூடின காருக்குள்ள 60 டிகிரி சாதாரணமா வரும். காலையில 30 டிகிரியில 200 பார் அடைச்சிருந்தா, 60 டிகிரியில அது 220கிட்ட போகும். ப்ளஸ் டூவுல படிச்ச வாயு விதிதான், எனக்கு அது உபயோகப்பட்டது இந்த ஒரு தடவைதான். உள்ள இருக்கிற ரப்பர் வளையங்களுக்கும் சூடு ஆகாது. நான் சிலிண்டரைக் கழட்டி ஆஃபீஸ் பைக்குள்ள வெச்சு மேல கொண்டு போவேன். செக்யூரிட்டி அண்ணா முதல் நாள் அதைப் பார்த்த பார்வை இருக்கே!

அடுத்து டிக்கி சைஸ். என் ரைஃபிள் கேஸ் கிட்டத்தட்ட 120 செ.மீ. கார் ஷோரூம்ல எல்லாரும் மைலேஜ் கேக்குறாங்க, நான் டேப் எடுத்து டிக்கியை அளந்தேன். சேல்ஸ் பையன் மிரண்டுட்டான். குறுக்கால எந்தச் சின்னக் கார்லயும் வைக்க முடியாது. பின் சீட்டை 60க்கு 40ன்னு பிரிச்சு மடிக்கிற கார்தான் வேணும், அப்பதான் கேஸ் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் வர முடியும். பிஸ்டல்காரங்க குடுத்து வெச்சவங்க, ஒரு லேப்டாப் பை அளவுதான்.

2024 தேர்தல் சமயத்துல சோழிங்கநல்லூர் பக்கம் பறக்கும் படை நிறுத்தினாங்க. பணம் தேடுறவங்க. "டிக்கியைத் திறங்கம்மா." நீளமா கறுப்பு கேஸ். திறந்ததும் ரெண்டு பேர் பின்னாடி நகர்ந்தாங்க. பில், கிளப் அட்டை, ஆதார் மூணையும் கேஸ் மேல் உறையிலயே வெச்சிருந்ததால அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. கடைசியில அந்த அதிகாரி கேட்டார்: "இதுல புறா விழுமா?" விழாது சார், நான் காகிதத்தைத்தான் சுடுவேன்னேன். ரொம்ப ஏமாந்துட்டார்.

பாயிண்ட்_டூ_டூ_ஆசை:

எங்க மாடியில புறா இருக்கு... சும்மா கேக்குறேன்...

பழைய_கட்டை:

சும்மாவும் கேட்க வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம், வனவிலங்குச் சட்டம் இரண்டும் இருக்கின்றன. இப்படி ஒருவன் செய்கிற வேலையால்தான் நம் எல்லோரையும் அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்க்கிறது. வலை கட்டுங்கள்.

இளவேனில்_ரசிகை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் சுடுறவ இல்ல. என் பொண்ணுக்கு 13 வயசு. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக் போனதைப் பார்த்துட்டு ஒரே பிடிவாதம். ஏர் ரைஃபிள் வாங்க லைசென்ஸ் வேணுமா? ஈயக் குண்டுன்னு சொல்றாங்களே, உடம்புக்கு ஆகுமா? முதுகு வளைஞ்சிடும்னு என் மாமியார் சொல்றாங்க.

பழைய_கட்டை:

அம்மா, ஒவ்வொன்றாக.

4.5 மி.மீ. குழல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உள்பட்டது என்றால் லைசென்ஸ் வேண்டாம். போட்டி ஏர் ரைஃபிள் 8 ஜூல் சுமார்தான் வரும், பிஸ்டல் அதைவிடக் குறைவு. கடைக்காரர் உங்கள் அடையாள அட்டை நகலை வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார், அது முறை. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் இப்போது வாங்காதீர்கள். முதல் ஆறு மாதம் கிளப் ரைஃபிளில் சுடட்டும். வளரும் பிள்ளை. இன்று பொருந்துகிற ஜாக்கெட் அடுத்த ஆடிக்குப் பொருந்தாது. முதலில் எந்தக் கண் ஆதிக்கம் என்று பாருங்கள். இரு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, தூரத்து விளக்கைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணுக்கு விளக்கு மறையாமல் நிற்கிறதோ அது. வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கண் ஆதிக்கம் என்றால் ஆரம்பத்திலேயே பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. ரைஃபிளை நின்று சுடும்போது இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்து, ஒரு பக்கம் திரும்பி நிற்கிறோம். ரைஃபிள் நாலரை, ஐந்து கிலோ. அறுபது குண்டு முடிய ஒன்றேகால் மணி நேரம், அதற்கு முன் தயாராக ஒரு கால் மணி. வயிறு, முதுகுத் தசைகளுக்குத் தனியாக உடற்பயிற்சி செய்யாமல் வெறும் சுட்டுக்கொண்டே இருந்தால் முப்பது வயதில் கீழ்முதுகு பேசும். எனக்குப் பேசுகிறது.

மாத்திரை_மாமா:

ஈயம் பத்தி நான் சொல்றேன் மேடம். பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஏர் ரைஃபிள்ல வெடிமருந்து கிடையாது, அதனால புகை வழியா ஈயம் உள்ள போற பிரச்சினை, வெடிமருந்துல சுடுற பாயிண்ட் டூ டூ (.22) துப்பாக்கி அளவுக்கு இல்ல. ஆனா குண்டைத் தொட்ட விரல்லயும், இலக்குக்குப் பின்னாடி குவியுற தூள்லயும் ஈயம் இருக்கு. குண்டை வாயில கவ்வக் கூடாது (பெரியவங்களே பண்றாங்க!). குண்டு டப்பாவும் டிபன் பாக்ஸும் ஒரே பையில கூடாது. சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணியில கை கழுவணும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது. தயிர் சாதத்தைக் கையால பிசைஞ்சு சாப்பிடுற ஊர் நம்முது, இது கட்டாயம்.

பாயிண்ட்_டூ_டூ_ஆசை:

சரி, என் பேருக்கேத்த கேள்வி. .22 ரைஃபிளுக்கு லைசென்ஸ் எப்படி? யாராவது சென்னையில சமீபமா எடுத்தீங்களா?

ஓஎம்ஆர்_ரைஃபிள்:

நான் எடுத்தேன். ஆன்லைன்ல விண்ணப்பம், படிவம் ஏ-1. கூட, துப்பாக்கியைப் பத்திரமா வைப்பேன்னு உறுதிமொழி, பயிற்சிச் சான்றிதழ், உடல், மனநலச் சான்றிதழ். அதுக்கு எஸ்-3ன்னு தனிப் படிவம். சென்னை மாநகர எல்லைக்குள்ளன்னா வேப்பேரி கமிஷனர் ஆபீஸ். வீட்டுக்கு போலீஸ் விசாரணை வரும். பக்கத்து வீட்டு மாமி "என்னம்மா, பாஸ்போர்ட்டா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

கஷ்டம் எஸ்-3லதான். எங்க வீட்டு டாக்டர், சின்ன வயசுலேருந்து என்னைப் பார்க்கிறவர், படிவத்தை வாங்கிப் படிச்சார், கண்ணாடியைக் கழட்டினார், "ஏம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேட்டார். விளையாட்டுக்குன்னு புரிய வைக்க அரை மணி. அப்பவும் கையெழுத்துப் போடல. கடைசியில வேற டாக்டர்கிட்ட போனேன்.

2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் அஞ்சு வருஷம் செல்லும். முன்னாடி மூணு. சாதாரண ஆளுக்கு அதிகபட்சம் ரெண்டு துப்பாக்கி. இன்னொண்ணு, .22 சத்தம் சின்னதுன்னு நெனச்சு காது அடைப்பான் போடாம நிக்காதீங்க. அது 140 டெசிபல்கிட்ட வரும். போன காது திரும்பி வராது.

வேளச்சேரி_பத்து:

கண்ணைப் பத்தி யாராவது சொல்லுங்களேன். ப்ரோகிரஸிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போடுறேன். முன் சைட் தெளிவாத் தெரியணும்னா தலையைத் தூக்கி, ஷேவிங் பண்ணிக்கிற மாதிரி நிக்க வேண்டியிருக்கு.

பழைய_கட்டை:

ப்ரோகிரஸிவ் இதற்கு ஆகாது. சுடுவதற்கென்று தனியாக ஒற்றைப் பவர் கண்ணாடி. தூரப் பார்வைப் பவரோடு பொதுவாகக் கால் முதல் முக்கால் வரை, பெரும்பாலும் அரைப் பவர் கூட்டினால் போதும். முன் சைட் கூர்மை, இலக்கு மங்கல். இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். அதைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்ட நாளெல்லாம் நான் ஏழு, எட்டுதான் வாங்கியிருக்கிறேன்.

பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போக முடியாது. வீட்டில் பிடித்து நின்று, கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். நான் ஒரு அடி ஸ்கேலின் நுனியில் கறுப்பு அட்டை ஒட்டிக்கொண்டு போனேன். பரிசோதித்த பெண், "ஐயா, நீங்கள் என்ன வேலை?" என்றாள்.

ஓஎம்ஆர்_ரைஃபிள்:

ஆயுத பூஜை வருது, ஒரு பொது அறிவிப்பு. காருக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் நல்லா பண்ணுங்க. ரைஃபிளுக்கு கேஸ் மேல பொட்டு வெச்சா போதும். போன வருஷம் எங்க பாட்டி பாசமா பின் சைட் துளையிலயே குங்குமம் வெச்சுட்டாங்க. ரெண்டு வாரம் உலகமே சிவப்பு.

இளவேனில்_ரசிகை_அம்மா:

😂 நன்றி எல்லாருக்கும். அடுத்த ஞாயிறு கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். மாமியாரும் வராங்களாம், முதுகைப் பார்க்க.

வேளச்சேரி_பத்து:

அஞ்சு வாரம் கழிச்சு ஒரு அப்டேட்.

டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் நிஜமாவே ஆச்சரியப்பட்டு, கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்துட்டு "அட ஆமா"ன்னார். மெட்டோப்ரோலாலைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்தி, அம்லோடிபின் குடுத்திருக்கார். பிரஷர் 132க்கு 84. சாயங்காலம் கணுக்கால் கொஞ்சம் வீங்குது, ஷூ இறுக்குது. அடுத்த தடவை அதைக் கேக்கணும்.

முன் சைட் பழையபடி குதிக்குது. போன ஞாயிறு 531. 547 அட்டையைக் கிழிக்க மனசு வரல, ஆனா டைரியில அந்த ரெண்டு வார ஸ்கோரையும் அடிச்சுட்டேன். மாவட்டப் போட்டிக்குப் பேர் குடுக்கிறதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டேன்.

வித்தவர் சிலிண்டர் காசுல மூணுல ஒரு பங்கு தரேன்னு ஒத்துக்கிட்டார், பாதிக்குப் பேசினேன், மசியல. ஆர்டர் போட்டாச்சு. புதுக் கார் இப்போதைக்கு இல்ல. கிளப்புலேருந்து புதுப்பேட்டை நடக்கிற தூரம்தானே, பிராக்டிஸ் முடிஞ்சதும் போய் பழைய ஏசி கம்ப்ரசர் ஒண்ணு பேசி முடிச்சேன். ஆனா இந்தத் தடவை தேதி, நம்பர் எல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்துதான் வாங்கினேன். கடைக்காரர் கடுப்பாயிட்டார்.

சிலிண்டரும் கம்ப்ரசரும் ஒரே வாரத்துல வருது. "ரெண்டும் காத்துதான், ஆளுக்கொண்ணு"ன்னு வீட்டுல சொன்னேன். சிரிக்கல.